கல்லீரல் நோயாளிகளை அட்டவணையில் சேர்த்திடுக!

ஹூக்ளி ஆற்றங்கரையில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் சணல் ஆலை ஒன்றில் தறி ஓட்டும் தொழிலாளிக்கு நாற்பத்தைந்தாவது வயதில் கல்லீரல் சிரோசிஸ் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கை, கால் குறையின்றி இருக்கின்றன. கண் தெரிகிறது, காது கேட்கிறது. ஆனால் வயிற்றில் நீர் கோத்து, குனிய முடியாமல் நிற்கிறார். கால்கள் வீங்கியிருக்கின்றன, தோளிலும் தொடையிலும் தசை கரைந்துவிட்டது. உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்திருப்பதால் எந்த நேரத்திலும் இரத்த வாந்தி எடுக்கக்கூடும். கல்லீரல் அகற்ற வேண்டிய நச்சு மூளையை எட்டும் நாட்களில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் குழம்புகிறார். எட்டு மணி நேர ஷிப்டு இருக்கட்டும், ரேஷன் கடை வரிசையில் நிற்பதற்கே துணைக்கு ஒருவர் வேண்டும். இவர் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? அவரது நோய் பட்டியலில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவார்.

இது கொல்கத்தாவுக்கு மட்டும் உரிய நிலைமை அல்ல. சென்னையிலும் திருநெல்வேலியிலும் இதே பதில்தான் கிடைக்கும், ஏனெனில் தடை நாடாளுமன்றச் சட்டத்திலேயே இருக்கிறது. எனினும் கொல்கத்தாவை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கல்லீரல் நோய்க்கென அரசு மருத்துவத் துறையில் வலுவானதொரு மரபை வளர்த்த நகரம் அது. மக்கள் ‘பி.ஜி.’ என்றழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் செரிமான, கல்லீரல் நோய்களுக்கெனத் தனி உயர் கல்வி நிறுவனமே இயங்குகிறது. நோயைக் கண்டறியவும் அதன் முற்றிய நிலையை எழுதித் தரவும் அரசின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதித் தரும் தாளை ஏற்க அரசின் வேறொரு துறை தயாராக இல்லை.

2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் அட்டவணையில் 21 வகை இயலாமைகள் இடம்பெற்றுள்ளன. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு மட்டுமே இருந்தன. ஏழு 21 ஆனது ஆட்சியாளர்களின் கருணையால் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்ற பிறகு, அதற்கேற்ற சட்டம் வேண்டுமென்று நாடெங்கும் மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2014இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதாவிலும்கூட 19 வகைகளே இருந்தன. இறுதிச் சட்டத்தில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் அணு இரத்தசோகை, பார்க்கின்சன் நோய் ஆகியவை இடம்பெற்றன. உடலுக்குள் இருந்துகொண்டு மனிதனை முடக்கும் நோயும் இயலாமையே என்று இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் இத்தகைய சில நோய்களோடு அந்த ஒப்புதல் நின்றுவிட்டது. கல்லீரல், சிறுநீரகம், இதயம், நுரையீரல் ஆகிய உறுப்புகள் செயலிழப்பது அட்டவணைக்கு வெளியே விடப்பட்டது.

சட்டத்தைக் கூர்ந்து படிப்பவர்களுக்கு இதில் ஒரு முரண்பாடு தென்படும். யார் மாற்றுத்திறனாளி என்பதற்கு அதன் இரண்டாம் பிரிவு தரும் பொது வரையறை மிக விரிவானது. நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாடு உடையவர், சமூகத்திலுள்ள தடைகளோடு மோதும்போது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போனால் அவர் மாற்றுத்திறனாளியே என்கிறது அது. இதில் நோயின் பெயர் கேட்கப்படவில்லை. நமது தறித் தொழிலாளி இந்த வரையறைக்குள் ஐயமின்றி அடங்குவார். ஆனால் வேலைவாய்ப்பில் 4 சதவீத இடஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு வரும்போது அதே பிரிவு இன்னொரு சொல்லைப் புகுத்துகிறது. அட்டவணையில் குறிப்பிட்ட இயலாமை 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அந்த ‘அடிப்படை அளவு’. மருத்துவக் குழுவின் சான்றிதழும், யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டையும், மாநிலங்களின் உதவித்தொகைகளும் இந்த அளவைச் சுற்றியே கட்டப்பட்டுள்ளன. முன்வாசலில் எல்லோரையும் வரவேற்றுவிட்டு, உள்ளே கூடத்தில் பெயர் பார்த்து நிறுத்தும் ஏற்பாடு இது.

மேற்கு வங்கத்தில் தலசீமியா பரவலாக உள்ள நோய். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிக்குச் சேரும் அதிகப்படியான இரும்புச்சத்து கல்லீரலில் படிந்து அதைக் கெடுக்கும்; பாதுகாப்பற்ற இரத்தத்தின் வழியே ஹெபடைடிஸ் சி தொற்றினால் அதுவும் கல்லீரலையே தாக்கும். அவருக்குச் சான்றிதழ் உண்டு. நீண்ட போராட்டத்துக்குப் பின் கிடைத்த அந்த உரிமை பறிபோகாமல் காக்கப்பட வேண்டும். அதே மருத்துவமனையின் அடுத்த படுக்கையில், அதே ஹெபடைடிஸ் சி கிருமியால் அதே அளவு கல்லீரல் கெட்டுக் கிடக்கும் இன்னொருவருக்குச் சான்றிதழ் இல்லை. இருவரின் உடலும் ஒரே வேலையைத்தான் செய்ய மறுக்கிறது. எந்த நோயின் பெயரால் மறுக்கிறது என்பதை வைத்து அரசு ஒருவரைச் சேர்க்கிறது, மற்றவரைத் தள்ளுகிறது.

சேர்க்கப்பட்டால்தான் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. கிடைப்பது அற்பமே, அதையும் மறைக்காமல் பேசுவோம். மேற்கு வங்கத்தில் 2018இல் தொடங்கிய ‘மானபிக்’ திட்டம் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2020இல் ‘ஜய் பாங்ளா’ என்ற குடையின்கீழ் உதவித்தொகைகள் ஒருங்கிணைக்கப்பட்டபோது முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரே ஆயிரம் ரூபாய் என்றானது. 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவோ, மற்றவர்களுக்கான இதையொத்த திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிக்குத் தர வேண்டும் என்கிறது. அந்த 25 சதவீதம் எங்கே போயிற்று என்பதற்குப் பதில் இல்லை. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் இன்னும் மோசம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் பிறந்து, 80 சதவீத இயலாமையும் இருந்தால் மாதம் 300 ரூபாய்! 2012ஆம் ஆண்டு முதல் அந்தத் தொகை அசையவில்லை. கொல்கத்தாவில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு நான்கு முறை டாக்சியில் அழைத்துச் செல்லக்கூட அது போதாது. ஆயினும் இந்தச் சிறு தொகைகளோடு இணைந்து வரும் சான்றிதழுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. பிள்ளைகளின் கல்வி உதவி முதல் அரசு வேலையில் இடஒதுக்கீடு வரை அந்த ஒரு தாளை வைத்தே தீர்மானமாகின்றன. பட்டியலுக்கு வெளியே இருப்பவர் எண்ணிக்கையிலும் இல்லை. எண்ணிக்கையில் இல்லாதவருக்கு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடும் இல்லை.

“மருத்துவச் செலவுக்குத்தான் காப்பீடு இருக்கிறதே” என்பது ஆட்சியாளர்களின் வழக்கமான விடை. மேற்கு வங்கத்தில் 2016 டிசம்பரில் தொடங்கிய ‘ஸ்வாஸ்த்ய சாத்தி’ அட்டை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளையும் உள்ளடக்குகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை நடைபெறுவது தமிழ்நாட்டு மக்கள் அறிந்ததே. இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சிரோசிஸ் நோயாளி வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது மருத்துவமனைப் படுக்கையில் அல்ல, வீட்டில். நீரைக் குறைக்கும் மாத்திரையும், மூளைக் குழப்பம் வராமல் தடுக்கும் லாக்டுலோஸ் மருந்தும் ஒவ்வொரு நாளும் வேண்டும். நாளங்களைக் கட்டுவதற்கு மீண்டும் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். மாற்று அறுவை செய்துகொண்டவர், உடல் புதிய உறுப்பை நிராகரிக்காதிருக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சேராமலேயே ஆகும் செலவு. அதைவிடப் பெரிய இழப்பு கூலி. நோயாளியின் கூலி நிற்கிறது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவியோ மகளோ வேலையை விடுகிறார். காப்பீட்டு அட்டை மருத்துவமனைக்குப் பணம் தரும், அடுப்புக்குத் தராது. சிகிச்சைக்கான உதவியும் பிழைப்புக்கான உதவியும் வெவ்வேறு என்பதை அரசுகள் வேண்டுமென்றே குழப்புகின்றன.

ஹவுராவிலிருந்து தெற்கே வரும் ரயில்களில் மருத்துவக் கோப்புகளைப் பையில் சுமந்து வரும் வங்கக் குடும்பங்களைக் காட்பாடி நிலையத்தில் எந்த நாளும் காணலாம். வேலூரில் அவர்களுக்காகவே வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் ஏராளம். நிலத்தை விற்று, வட்டிக்குக் கடன் வாங்கி வருவோர் அவர்களில் பலர். அங்கே நோயின் பெயர் உறுதியாகும். ஊர் திரும்பிய பின் எதை உண்பது என்ற கேள்விக்கு மருத்துவமனை விடை சொல்ல இயலாது. அரசுதான் சொல்ல வேண்டும்.

இனி, பலரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அதிகாரிகளின் மேசையிலும் நமது தெருக்களிலும் உலவும் ஒரு கருத்தைப் பற்றி. “குடித்துக் கெடுத்துக்கொண்டவனுக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்?” என்பதே அது. நமது அணிகளுக்குள்ளும் இந்த எண்ணம் இல்லையென்று கூற முடியாது. முதலில், கல்லீரல் நோய் என்றாலே குடிநோய் என்பது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றோடும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றோடும் வாழ்ந்தனர். தாயிடமிருந்து பிறக்கும்போதே பெற்றவர்கள், சுத்தமற்ற ஊசியால் பெற்றவர்கள், இரத்தம் ஏற்றிக்கொண்டதால் பெற்றவர்கள் இவர்கள். இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் சிரோசிஸ் வருகிறது. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளும், வில்சன் நோயால் தாமிரம் படிந்து கல்லீரல் கெடும் சிறுவர்களும் உண்டு. பச்சிளம் குழந்தையிடம் எந்தக் குடிப்பழக்கத்தைத் தேடுவது?

மேற்கு வங்க மருத்துவர்களே செய்த ஓர் ஆய்வை இங்கே நினைவூட்ட வேண்டும். கௌஷிக் தாஸ், அபிஜித் சௌத்ரி உள்ளிட்டோர் மாநிலத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரைப் பரிசோதித்து, 2010இல் ‘ஹெபடாலஜி’ ஆய்விதழில் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் 8.7 சதவீதம் பேரிடம் காணப்பட்டது; அவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமனான உடல் கொண்டவர்களே அல்லர். ஒல்லியான உழைப்பாளி உடலிலும் இந்த நோய் குடியேறுகிறது. செல்வச் செழிப்பின் நோய் என்று இதை ஒதுக்கியோர் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மதுவாலேயே நோய் வந்திருந்தாலும் நமது நிலைபாடு மாறாது. குடிபோதையில் வண்டி ஓட்டிக் காலை இழந்தவருக்கு மருத்துவக் குழு சான்றிதழ் தருகிறது. கால் எப்படிப் போயிற்று என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. கல்லீரலுக்கு மட்டும் ஏன் நன்னடத்தைச் சோதனை? அதிலும், இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி அரசுகளுக்கு அறவே இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்கும் ஏகபோகம் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடமே இருக்கிறது. கொல்கத்தாவிலும் மது மீதான வரி மாநிலக் கருவூலத்தின் முக்கிய வருவாய்களில் ஒன்று. மூட்டை தூக்கி, மூச்சு முட்ட உழைத்து, வலி மறக்கக் குடிக்கும் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கைக் கருவூலத்தில் சேர்த்துக்கொண்டு, அவன் விழும்போது ஒழுக்கம் போதிப்பது கயமை அன்றி வேறில்லை.

அடுத்த எதிர்வாதம், கல்லீரல் செயலிழப்பை எப்படி அளப்பது என்பது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அளந்துகொண்டுதான் இருக்கிறது. சைல்டு–பியூ அளவுகோல் ஐந்து விவரங்களைக் கேட்கிறது: இரத்தத்தில் பிலிரூபின் எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது, வயிற்றில் நீர் இருக்கிறதா, மூளைக் குழப்பம் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று புள்ளிகள். கூட்டுத்தொகை 10 முதல் 15 வரை இருந்தால் நோய் முற்றிய ‘சி’ நிலை. மாவட்ட மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் செய்து முடிக்கக்கூடிய சோதனைகள் இவை. இயலாமையை மதிப்பிடும் வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டது. 2024 மார்ச்சில் திருத்தியது. தலசீமியாவுக்கும் ஹீமோபிலியாவுக்கும் சதவீதம் கணக்கிட முடிந்த அரசுக்கு, இதைக் கணக்கிட முடியாது என்பது பொருந்தாது. நோய் தணியலாமே, மாற்று அறுவைக்குப்பின் தேறலாமே என்றால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்றிதழ் வழங்க இப்போதைய விதிகளே இடம் தருகின்றன.

சமூகப் பாதுகாப்பில் கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே, அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வைத்துள்ள நோய்ப் பட்டியலில் நாள்பட்ட கல்லீரல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இரத்தக் கசிவு, வயிற்று நீர், மூளைப் பாதிப்பு என எந்த நிலை எட்டினால் ஒருவர் வேலை செய்ய இயலாதவர் என்று அது வரையறுத்துள்ளது. கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவரை ஓராண்டுக்கு எந்தக் கேள்வியுமின்றி இயலாதவராகக் கருதுகிறது. பிரிட்டனிலோ நோயின் பெயரை விட்டுவிட்டு, சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த மதிப்பீட்டைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்து அங்குள்ள அரசுகள் நோயாளிகளைப் படுத்திய பாடு தனிக் கதை. அதை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. முதலாளித்துவ நாடுகளின் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட ஒரு நோய் நமது சட்டத்தில் ஏற முடியாததற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

நமது நாட்டிலேயே, வேறொரு சட்டத்தின்கீழ் இது ஏற்கப்பட்டுள்ளது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. 34 நோய்கள் கொண்ட அந்தப் பட்டியலில் வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ் இடம்பெற்றுள்ளது. வழக்கமான நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாட்களோடு முடிந்துவிடும். அதன்பின் இந்த நீட்டிப்பின்படி சராசரி நாட்கூலியில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை கிடைக்கலாம். இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். நான்கு சந்தாக் காலங்களில் 156 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். இது தெரியாமல், 91 நாள் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி ஊருக்குத் திரும்பிவிடும் தொழிலாளர்கள் உண்டு. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும், பணியில் இருக்கும்போது நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமல் போனவருக்கு, பத்தாண்டுப் பணிக்காலம் நிறையாவிட்டாலும் ஓய்வூதியம் உண்டு. அங்கே அட்டவணை எதுவுமில்லை, மருத்துவக் குழுவின் முடிவே போதும். தொகை சொற்பம், குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஆனாலும் அது உரிமை.

இந்தக் கதவுகள் யாருக்குத் திறந்திருக்கின்றன? மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாத கூலியில், சட்டப்படிப் பதிவான நிறுவனத்தில், பெயர் ஏட்டில் இருப்பவருக்கு. படாபஜாரில் மூட்டை சுமப்பவர், மேட்டியாபுரூஸில் வீட்டிலேயே தையல் தைப்பவர், கைபேசிச் செயலியின் கட்டளைக்கு உணவு கொண்டோடும் இளைஞர் ஆகியோருக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. ஆலைக்குள்ளேயே ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவரின் சந்தா கட்டப்பட்டதா என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. எனவே, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அட்டவணையே அமைப்புசாராத் தொழிலாளிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பொதுக் கதவு. அதுதான் அவருக்கு அடைபட்டுக் கிடக்கிறது.

டில்லி திறக்கும்வரை மாநிலங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு ஆந்திரப் பிரதேசம் சான்று. அங்கே மாற்றுத்திறனாளி அட்டவணையைத் தொடாமல், ஓய்வூதியத் திட்டத்தில் நோய்களுக்கெனத் தனி வகை உருவாக்கினார்கள். சிறுநீரகம், கல்லீரல், இதய மாற்று அறுவை செய்துகொண்டோருக்கு மாதம் 5,000 ரூபாயாக இருந்த தொகை 2024இல் 10,000 ஆயிற்று. அந்த மாநிலத்தில் ஆண்ட, ஆளும் கட்சிகளோடு நமக்குக் கொள்கை உடன்பாடு கிடையாது. 2025இல் மறுசரிபார்ப்பு என்ற பெயரில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியர்கள் அலைக்கழிக்கப்பட்டதும் அங்கேதான். மேலும், மாற்று அறுவை வரை வந்து சேர்ந்தவருக்கு மட்டுமே அந்த உதவி. அதற்கு வழியின்றி நீர் கோத்த வயிற்றோடு காத்திருக்கும் பெரும்பான்மை நோயாளிகள் வெளியேதான். கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு இயக்கம் நடத்தும் ‘சமாஸ்வாசம்’ திட்டமும் மாற்று அறுவை செய்துகொண்ட ஏழை நோயாளிகளுக்குச் சில ஆண்டுகள் மாத உதவி தருகிறது. ஆயினும் கல்லீரல் நோயாளிக்குப் பிழைப்பூதியம் தரலாம் என்ற நெறி இரு மாநிலங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மாதம் 2,000 ரூபாய் மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை வழங்கும் தமிழ்நாடும், 1,000 ரூபாயோடு நிறுத்திய மேற்கு வங்கமும் இதைச் செய்ய முடியாது என்று கூற எந்தத் தடையும் சட்டத்தில் இல்லை.

நீதிமன்றத்தின் வழியிலும் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமானதொரு தீர்ப்பை வழங்கியது. எழுதும்போது கை முடங்கிப்போகும் நிலையுள்ள ஒரு தேர்வர் குடிமைப் பணித் தேர்வில் உதவி எழுத்தர் கேட்டார். 40 சதவீத அடிப்படை அளவு இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. சட்டத்தின் பொது வரையறைக்குள் வரும் எந்த மாற்றுத்திறனாளிக்கும் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும், அடிப்படை அளவைக் காட்டி அதை மறுக்கலாகாது என்றது நீதிமன்றம். உதவித்தொகைக்கு இத்தீர்ப்பு நேரடியாகப் பயன்படாது. ஆனால் சிரோசிஸ் வந்த அரசு ஊழியர் இரவுப் பணியிலிருந்து விலக்குக் கேட்கும்போதும், நிற்க வேண்டிய வேலைக்குப் பதிலாக உட்கார்ந்து செய்யும் வேலை கேட்கும்போதும் பயன்படும். பணிக்காலத்தில் இயலாமை அடைந்தவரை அரசு நிறுவனம் வேலை நீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்னும் 20ஆம் பிரிவும் ‘இயலாமை’ என்றே சொல்கிறது, அட்டவணை இயலாமை என்று சொல்லவில்லை. அரசுப் போக்குவரத்து, மின்வாரியத் தொழிற்சங்கங்கள் இந்த வாதத்தை எடுத்து வைக்க வேண்டும்.

அட்டவணையை விரிக்கப் புதிய சட்டம் தேவையே இல்லை. அட்டவணையின் கடைசி வரியே, ஒன்றிய அரசு அறிவிக்கை செய்யும் பிற வகைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. 99ஆம் பிரிவு, மாநில அரசின் பரிந்துரையின் பேரிலோ தானாகவோ அட்டவணையைத் திருத்தும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தந்துள்ளது. ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் அந்த அதிகாரம் கையில் இருந்தும், கல்லீரல் நோயாளிக்காக அது பயன்படுத்தப்படவில்லை. கார்ப்பரேட் வரியை 2019இல் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஒரே நாளில் குறைக்கத் தெரிந்த அரசு இது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்வோம்.

முற்றிய நிலையிலுள்ள நாள்பட்ட கல்லீரல் நோயையும் மாற்று அறுவைக்குப் பிந்திய காலத்தையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டு நெறிமுறையில் சைல்டு–பியூ போன்ற அளவுகோலைப் புகுத்த வேண்டும். 80 சதவீத நிபந்தனையையும் 300 ரூபாய் அவமானத்தையும் ஒழிக்க வேண்டும். கொல்கத்தாவிலும் சென்னையிலும் உள்ள அரசுகள் 99ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வமான பரிந்துரையை டில்லிக்கு அனுப்ப வேண்டும். டில்லியின் பதிலுக்குக் காத்திராமல் மாநில ஓய்வூதியத்தில் இவர்களுக்கு இடைக்கால வகை ஒன்றை உருவாக்கி, புறநோயாளி மருந்துகளை இலவசமாக வழங்க வேண்டும். சிறுநீரகம், இதயம், நுரையீரல் செயலிழந்தோரின் கோரிக்கையும் இதுவே. அவர்களையும் ஒரே அணியில் சேர்த்து நடத்த வேண்டிய போராட்டம் இது.

கிளைத் தோழர்கள் உடனடியாகச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தம் பகுதியிலுள்ள கல்லீரல் நோயாளிகளைக் கண்டறிந்து, அவர்களது மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கத்தில் நோயின் நிலை எழுத்தில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. எண்ணும் வைப்பு நிதி எண்ணும் உள்ளவர்களுக்கு முதலில் அந்த விண்ணப்பங்களைப் போட வேண்டும். மற்றவர்களுக்கு, பட்டியலில் இல்லை என்று தெரிந்தே, மாற்றுத்திறனாளி நலத் துறைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த மறுப்புக் கடிதங்களைத் தொகுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உள்ள நமது உறுப்பினர்களிடம் சேர்க்கலாம். டிசம்பர் 3 அன்று உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி நடைபெறும் ஆர்ப்பாட்டங்களில், சக்கர நாற்காலிகளுக்கும் வெள்ளைக் கோல்களுக்கும் அருகே இந்த நோயாளிகளும் அவர்களது குடும்பத்தினரும் அந்தக் கடிதங்களோடு நிற்கும் வகையில் மாவட்டக் குழுக்கள் இப்போதே திட்டமிட வேண்டும்.